மூன்று வரி பேட்ச்சில் எதைப் பார்ப்பது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கான ஒரு பேட்ச்சை, அதாவது கோடு திருத்தத்தை, எங்கள் கல்லூரிக் குழு ரிவ்யூ செய்கிறது. தோற்றால் 'நல்' (NULL) கொடுத்துவந்த ஃபங்ஷன், இனி 'எர்_பிடிஆர்' (ERR_PTR) கொடுக்கும். மாறியது மூன்றே வரி, கம்பைலும் ஆகிறது. இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பார்க்க வேண்டியதெல்லாம் அந்த மூன்று வரிக்கு வெளியேதான் இருக்கிறது. நல் என்றால் பூஜ்யம், அழைப்பவர் (ஃபங்ஷனைப் பயன்படுத்தும் கோடு) 'இஃப் (!பி)' என்று சோதித்தால் போதும். எர்_பிடிஆர் பூஜ்யம் அல்ல. எதிர்மறைப் பிழை எண்ணையே பாயிண்டராக்கி (மெமரி முகவரியாக்கி) தருகிறது. முகவரிகளின் கடைசி 4095 மதிப்புகள் இதற்கென்றே விடப்பட்டவை. பழைய சோதனை அதை நல்ல பாயிண்டர் என்று விட்டுவிடும், அதன் வழியே எதையாவது படிக்கப் போனதும் கெர்னல் 'ஊப்ஸ்' என்ற பிழை அறிக்கை கொடுக்கும். முன்பும் பின்பும் பாயிண்டர் வகைதான் என்பதால் கம்பைலர் வாயே திறக்காது.

கோடில் சொல் தேடும் 'கிட் கிரெப்' கட்டளையில் ஃபங்ஷன் பெயரைத் தேடி ஒவ்வொரு அழைப்பையும் படியுங்கள். அது ஏதாவது ஆப்ஸ் ஸ்ட்ரக்சரில் (ஃபங்ஷன் முகவரிகளின் தொகுப்பு) ஃபங்ஷன் பாயிண்டராகப் போடப்பட்டிருந்தால், பெயரைத் தேடினால் அந்த ஒரு வரிதான் சிக்கும். அழைக்கும் இடங்களுக்கு, அந்தத் தொகுப்பில் அதற்குள்ள மெம்பர் பெயரைத் தேட வேண்டும். அதிகம் தவறிப்போவது ஹெடர் ஃபைல். அந்த வசதியின் கான்ஃபிக் (பில்டு அமைப்பு) ஆஃப் ஆகும்போது பயன்படும் வெற்று இன்லைன் ஃபங்ஷன் அங்கே இன்னும் நல் கொடுத்துக்கொண்டிருக்கும். திருத்திய அழைப்பாளரின், பிழைப் பாயிண்டரா என்று பார்க்கும் 'ஐஎஸ்_எர்' சோதனையில் நல் மாட்டாது.

'ஐஎஸ்_எர்_ஆர்_நல்' போட்டால் இரண்டுக்கும் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் நல் வந்தபோது, அடுத்துள்ள, பாயிண்டரிலிருந்து பிழை எண்ணை எடுக்கும் 'ரிட்டர்ன் பிடிஆர்_எர்(பி)' பூஜ்யம் தரும். பிழை எண் தரும் கெர்னல் ஃபங்ஷனில் பூஜ்யம் என்றால் வெற்றி! தோற்ற ப்ரோப் (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) ஜெயித்ததாகிவிடும். இந்த இணையைக் கண்டால் கட்டாயம் கேள்வி கேளுங்கள்.

அழைப்பாளர்கள் நிறைய இருந்தால், ஃபங்ஷன் பெயரையே மாற்றச் சொல்லுங்கள். வேறொரு டிரீயில் (கெர்னல் கோடின் தனிப் பிரதி) பழைய வழக்கப்படி எழுதப்படும் புது அழைப்பு, மெர்ஜுக்குப் (இணைப்புக்குப்) பிறகு கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். ஓடும்போது விழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஃபங்ஷன் தரும் மதிப்பை வைக்கும் 'ரெட்' என்ற மாறியை இன்ட்டிலிருந்து அன்சைன்ட் இன்ட்டுக்கு (எதிர்மறை இல்லாத எண் வகைக்கு) மாற்றுவது வெறும் ஒழுங்குபடுத்தல்தானே?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. -22 என்ற பிழை அதற்குள் 4294967274 ஆகிவிடும். 'ரெட் < 0' ஒருநாளும் உண்மையாகாது. இதைப் பிடிக்க, கோடில் பிழை வடிவங்களைத் தேடும் காக்சினெல் கருவிக்கான ஸ்கிரிப்ட் கெர்னலிலேயே இருக்கிறது: 'மேக் காக்சிசெக் மோட்=ரிப்போர்ட்'.

எல்லா ஃபங்ஷனும் எதிர்மறை எண் தருவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கெர்னலிலிருந்து புரோகிராமின் மெமரிக்குக் காப்பி செய்யும் 'காப்பி_டு_யூசர்' தருவது காப்பி ஆகாமல் மிஞ்சிய பைட்களின் எண்ணிக்கை. ரீட் ஹேண்ட்லரில் (புரோகிராம் படிக்கக் கேட்கும்போது ஓடும் ஃபங்ஷன்) அதை அப்படியே திருப்பி அனுப்பினால், 'இத்தனை பைட் படித்தாயிற்று' என்றே புரோகிராம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் ஈஃபால்ட், அதாவது -14, அனுப்ப வேண்டும். 'கோடூ' (வேறு வரிக்குத் தாவல்) வழியாக வெளியேறும் ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முன் ரெட்டில் பிழை எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முந்தைய வெற்றியின் பூஜ்யம் அதிலேயே தங்கியிருப்பது அடிக்கடி வரும் பிழை.

கேள்வி: டிரைவரில் சாதனத்தைப் பிரிக்கும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனை இன்ட்டிலிருந்து வாய்டாக (எதையும் திருப்பித் தராததாக) மாற்றும் பேட்ச்களில் ஆபத்து உண்டா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: மாற்றம் நல்லதுதான். பிளாட்ஃபார்ம் டிரைவர்களுக்கு (போர்டிலேயே அமைந்த சாதனங்களுக்கானவை) 2024-இல் வந்த கெர்னல் 6.11 பதிப்பிலிருந்து ரிமூவ் வாய்டுதான். முன்பும் அது தந்த பிழை எண்ணால் பயனில்லை, சாதனம் எப்படியும் பிரிக்கப்பட்டுவிடும். ஃபங்ஷனின் நடுவே 'ரிட்டர்ன் ரெட்' இருந்த இடத்தில் வெறும் 'ரிட்டர்ன்' போட்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அதற்குக் கீழே உள்ள கிளாக்கை நிறுத்துவதும் மெமரியை விடுவிப்பதும் நடக்காமல் போகும். பிழையை லாகில் எழுதிவிட்டு, மீதித் துப்புரவையும் முடிக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.