வாசகர் கேள்வி–பதில்: வெண்கல வாளைத் தேடிப் போகிறவர்களுக்கு

கேள்வி: ஆதிச்சநல்லூர் வெண்கல ஆயுதங்களைப் பார்க்க ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். வெண்கலக் கூடம் முழுக்க நடராஜரும் அம்மனும்தான். ஒரு கத்தியைக்கூடக் காணோம். எங்கே வைத்திருக்கிறார்கள்?
– வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் பார்த்த கூடம் தெய்வத் திருமேனிகளுக்கானது. ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் மானிடவியல் பிரிவில் இருக்கின்றன. வளாகத்தில் பல கட்டடங்கள் இருப்பதால், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே "ஆதிச்சநல்லூர் எந்தக் கட்டடம், இன்று திறந்திருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். பராமரிப்புக்காகச் சில கூடங்களை அவ்வப்போது மூடுவது உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை.

சரியான கூடத்துக்குப் போனாலும் வெண்கல வாள் கிடைக்காது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வாள், ஈட்டிமுனை, மண்வெட்டி எல்லாமே இரும்பு. வெண்கலத்தில் கிடைத்தவை கிண்ணங்கள், வடிகட்டிகள், வளையல்கள், உச்சியில் எருமையோ பறவையோ நிற்கும் அழகான மூடிகள். உழைக்கிற பொருளுக்கு இரும்பு, மதிப்புக்குரிய பொருளுக்கு வெண்கலம் என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு முதலில் காட்ட வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான்.

காரணம் கனிமத்தில் இருக்கிறது. வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது. தமிழகத்தில் இரும்புத் தாது தாராளமாகக் கிடைக்கும். வெள்ளீயமோ தொலைவிலிருந்து வர வேண்டும். வடக்கே நடந்ததுபோல ஒரு வெண்கலக் காலத்தைக் கடக்காமல், தென்னிந்தியா புதிய கற்காலத்திலிருந்து நேரே இரும்புக் காலத்துக்கு வந்தது என்று தொல்லியலாளர்கள் சொல்வது இதனால்தான்.

அந்தக் கிண்ணங்களை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய பாத்திரங்கள் சிலவற்றில் வெள்ளீயம் ஏறக்குறைய 23 சதவீதம். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த கலவையை வார்த்து அப்படியே ஆறவிட்டால் கண்ணாடிபோல உடையும். சிவக்கக் காய்ச்சி, சூடு இருக்கும்போதே தட்டித் தட்டி மெலிதாக்கி, கடைசியில் அதே சூட்டோடு தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். எஃகு தண்ணீரில் அமிழ்ந்தால் கடினமாகி நொறுங்கும் தன்மைக்குப் போகும். இந்த வெண்கலம் நேர்மாறு, அமிழ்த்தினால்தான் நொறுங்காமல் நிற்கும். பெட்டியின் பக்கவாட்டில் நின்று விளிம்பைப் பாருங்கள். எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால், அதைத் தட்டிய கையின் பழக்கம் புரியும். கேரளத்தில் இதே முறையில் பாத்திரம் செய்த குடும்பங்கள் நம் காலம் வரை இருந்திருக்கின்றன.

கேள்வி: அடுத்த மாதம் டில்லி போகிறேன். தேசிய அருங்காட்சியகத்தில் ஹரப்பா காலக் கோடரி, உளி, ஈட்டிகளைப் பார்க்க ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதை, எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருச்சி

பதில்: திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை. போனதும் எல்லாரும் மொகஞ்சதாரோ நடன மங்கையிடம்தான் ஓடுவார்கள். 10.5 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தச் சிலைக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் மெழுகு வார்ப்பின் உச்சம் அது. மீதி ஐம்பது நிமிடத்தைக் கருவிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் 'வெண்கலம்' என்று இருந்தாலும், ஹரப்பாக் கருவிகளில் பெரும்பகுதி கிட்டத்தட்ட வெறும் செம்பு. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுமே பச்சையாகத்தான் இருக்கும். வித்தியாசம் வேலையில்தான் தெரியும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். பத்து சதவீதம் வெள்ளீயம் சேர்த்தால் ஆயிரம் டிகிரி அளவிலேயே உருகி, அச்சின் மூலை முடுக்குக்கெல்லாம் நன்றாக ஓடும். வெறும் செம்பு மூடிய அச்சில் காற்றுக் குமிழி பிடித்து ஓட்டை ஓட்டையாக உறையும். தட்டைக் கோடரிகள் பெரும்பாலும் திறந்த அச்சில் ஊற்றித் தட்டி எடுத்தவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தட்டைக் கோடரியைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நில்லுங்கள். பின்பக்கம் குறுகி, வெட்டும் வாய் பிறை போல விரிந்திருக்கும். அந்த விரிவில் பாதி அச்சின் வேலை, பாதி சுத்தியலின் வேலை. வாயைக் குளிர்ந்த நிலையில் தட்டத் தட்ட உலோகம் பக்கவாட்டில் பரவும், கூடவே கடினமும் ஏறும். அளவு மீறித் தட்டினால் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். அதைத் தடுக்க நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். வாயின் ஒரு மூலை மற்றதைவிடத் தேய்ந்திருந்தால் அந்தக் கோடரி வேலை செய்திருக்கிறது, பலமுறை தீட்டப்பட்டிருக்கிறது. இரு மூலையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்து, பள்ளமோ கீறலோ இல்லை என்றால் அது பயன்படாமலே புதைந்திருக்கலாம். உளியில் பார்க்க வேண்டியது வாயை அல்ல, தலையை: சுத்தியல் அடி வாங்கிய தலை காளான்போல மடங்கியிருக்கும்.

அடுத்து, காணாமல் போனதைப் பாருங்கள். மரப்பிடி மட்கிப்போயிருக்கும். ஹரப்பாக் கோடரிகளில் காம்பு செருகும் துளை அபூர்வம். பிளந்த கம்பில் செருகித் தோலாலோ கயிற்றாலோ கட்டியிருப்பார்கள். கத்தியின் அடியில் சிறு துளைகள் இருந்தால் அவை பிடியோடு சேர்த்து அறைந்த ஆணிகளுக்கானவை. ஈட்டிமுனைகள் பல, நடுவில் தடித்த வரம்பு இல்லாமல் தகடுபோல மெலிந்தவை. பலமாகக் குத்தினால் வளைந்துவிடும். அதனால் பிடிக்கட்டை முனை வரை நீண்டு தாங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

கங்கைச் சமவெளியில் மண்ணுக்குள் மொத்தமாகக் கிடைத்த பழங்காலச் செம்புப் பொருட்கள், அதாவது 'செம்புப் புதையல்' வகை, கண்ணில் பட்டால், பிடியின் நுனி பூச்சியின் கொம்புபோல இரண்டாகப் பிரியும் வாள்களைத் தேடுங்கள். உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் 2018இல் சவக்குழியிலிருந்து வண்டிகளோடு வெளிவந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வாள்தான்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் பாசி பிடித்ததுபோல இருக்கிறதே, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைக்கக் கூடாதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடவே கூடாது. வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கலாம், அதில் தினமும் புது உலோகம்தான் வெளியே வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்த பொருளில் உலோகத்தின் மேற்பரப்பே அந்தப் பச்சைக் களிம்பாக மாறியிருக்கிறது. தீட்டிய கோடு, சுத்தியல் தடம், ஒட்டியிருந்த துணியின் நெசவு எல்லாம் அந்தப் பச்சைக்குள்தான் பதிந்திருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்தால் வரலாறும் சேர்ந்து கரைந்துபோகும்.

பச்சையிலும் இரண்டு வகை உண்டு. கரும்பச்சையாக, வழவழப்பாக, இறுகி இருந்தால் அது உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் பாதுகாப்பு. வெளிர்பச்சைத் தூள் புள்ளி புள்ளியாகப் பூத்து, தொட்டால் உதிர்ந்தால் அது 'வெண்கல நோய்'. மண்ணின் உப்பிலிருந்து வந்த குளோரைடு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, புது உலோகத்தைத் தின்று, மறுபடி குளோரைடாகிறது. வட்டம் நிற்கவே நிற்காது. ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அடங்கிக் கிடக்கும். பெட்டியின் மூலையில் சிறு மணிகள் நிறைந்த தட்டு தெரிந்தால் அது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். கடலோரச் சென்னையில் இதற்குப் பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. எழும்பூரில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியதும், அங்கிருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்சாரம் செலுத்திக் களிம்பை நீக்கும் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களுக்குச் சிகிச்சை செய்ததும் இந்த நோயால்தான். மின்பகுப்பு நோயோடு காப்புக் களிம்பையும் உரித்துவிடும் என்பதால் இன்று அதை மிகவும் யோசித்தே தொடுகிறார்கள்.

கேள்வி: கண்ணாடி பளபளப்பில் படம் எடுக்கவே முடியவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: அனுமதி கேட்டு, ஃப்ளாஷை அணைத்துவிட்டு, போனின் கேமரா பக்கத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கறுப்புச் சட்டை போட்டுப் போனால் உங்கள் பிம்பம் கண்ணாடியில் அவ்வளவாகத் தெரியாது. பெயர்ப்பலகையைத் தனிப் படமாக எடுங்கள், வீட்டுக்கு வந்தபின் எது எது என்று மறந்துபோகும்.

கேள்வி: கிணறு தூர்வாரும்போது பச்சை படிந்த கத்தி போன்ற ஒன்று கிடைத்தது. என்ன செய்வது?
– வாசகர், ஒட்டன்சத்திரம் பக்கம்

பதில்: கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள், வளைந்திருந்தால் நிமிர்த்தாதீர்கள். ஒட்டிய மண்ணோடு நிழலில் உலரவிட்டு, வெள்ளைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் சீக்கிரமே தூள் பூக்கலாம். எத்தனை அடி ஆழம், பக்கத்தில் பானை ஓடு, எலும்பு, கரி இருந்ததா என்று அன்றே எழுதி, குழியையும் படம் எடுங்கள். இடம் தெரியாத கத்தி ஆய்வாளருக்குப் பாதிக் கத்திதான். மேலும் தோண்ட வேண்டாம்.

பிறகு கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் எழுத்தில் தெரிவித்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம். பழைய பாத்திரக் கடைக்காரர் எடை போட்டுக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உருக்கும் உலைக்குள் போனபின் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.