எம்87க்கு வயதாகிவிட்டதா?

ஐயா, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் டியூஷன் நடத்துகிறேன். போன வாரம் பிள்ளைகளைச் செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கூட்டிப்போய், இரவல் தொலைநோக்கியில் எம்87 கேலக்ஸியைக் காட்டினேன். மங்கலாக ஓர் உருண்டைத் திட்டு, அவ்வளவுதான். "சுருள் எங்கே டீச்சர்? இதுக்கு வயசாயிடுச்சா?" என்றான் ஒரு பையன். கேலக்ஸிகள் கூட்டமாக நெருங்கியிருக்கும் கொத்துகளில் சுருள் கேலக்ஸிகள் குறைவு என்று படித்திருக்கிறேன். வயதானால் சுருள் அழிந்துவிடுமா?

வாசகி, சுங்கை சிப்புட்

*

அன்புள்ள டீச்சருக்கு,

வயதுதான் காரணம் என்றால் நம் பால்வீதியும் இந்நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். 1,000 கோடி ஆண்டைத் தாண்டிய நட்சத்திரங்கள் அதிலும் உண்டு. ஆனாலும் புதியவை பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. இருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளில் சுமார் 6,000 கேலக்ஸிகளை வகைபிரித்து 1980ல் வெளியிட்டார். நெரிசல் கூடக்கூடச் சுருள்கள் குறைந்தன.

சரி, எப்போதுமே இப்படித்தானா? இல்லை. 1978ல் வானியலாளர்கள் புட்சரும் ஓம்லரும் இரண்டு தொலைதூரக் கொத்துகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் ஒளி 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பியது. இன்றைய கோமா கொத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் சிவந்து கிடக்க, அங்கே நீலக் கேலக்ஸிகள் கணிசமாக இருந்தன. நீலம் என்றால் இளம் நட்சத்திரங்கள். பின்னாளில் ஹபிள் தொலைநோக்கி கூர்ந்து பார்த்ததில், அவற்றில் பல சுருள்களே என்று தெரிந்தது.

அந்தச் சுருள்கள், நட்சத்திரம் பிறக்கத் தேவையான வாயுவைப் பறிகொடுத்தன. கொத்துக்குள் இடைவெளி முழுக்க, கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. அதற்குள் ஒரு கேலக்ஸி நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வாக்கில் விழுகிறது. இலை அசையாத மத்தியானத்திலும் தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்கினால் முகத்தில் காற்று அறைகிறதே, அதே கதைதான். நட்சத்திரங்களை அது ஒன்றும் செய்யாது. வாயுவைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கன், காட் என்ற வானியலாளர்கள் இருவரும் 1972லேயே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நார்மா கொத்தில் இ.எஸ்.ஓ. 137-001 என்ற கேலக்ஸியின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிய்ந்த வாயு இரண்டரை லட்சம் ஒளியாண்டுக்கு வாலாக நீள்கிறது. அந்த வாலிலேயே நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன! கேலக்ஸியின் தட்டையான உடலில், அதாவது தட்டில், வாயு தீர்ந்தபின் புதிய பிறப்பு இல்லை. பெரிய நீல நட்சத்திரங்கள் சில கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும். சுருள் கைகள் மங்கி, வெறும் தட்டு மிஞ்சும். வில்லை வடிவக் கேலக்ஸிகளில் பல இப்படி வந்தவை.

ஆனால் அந்தப் பையனிடம் எம்87க்கும் இதுதான் நடந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அது வேறு ரகம். தன் நட்சத்திரங்களில் பெரும்பகுதியை வெகு காலத்துக்கு முன்பே பெற்றுவிட்டு, அப்புறம் பிற கேலக்ஸிகளை விழுங்கி வளர்ந்தது. கடந்த 100 கோடி ஆண்டுக்குள்கூட நடுத்தர அளவில் ஒன்றை விழுங்கியிருப்பதற்கான தடயம் 2015ல் வெளியானது. சுருள் இருந்த கேலக்ஸிகள் எம்87க்குள் போயிருக்கலாம். அதுவே தேய்ந்த சுருள் என்பது சரியில்லை.

மே மாதம் இரவு பத்து மணிவாக்கில், எம்87 இருக்கும் கன்னிக் கொத்து உங்கள் ஊரில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும் (கழுத்து வலிக்கும், பாய் விரித்துக்கொள்ளுங்கள்). எம்87க்குப் பக்கத்தில் எம்86ஐத் தேடுங்கள். கொத்து மொத்தமாக நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் நம்மை விட்டு விலக, இது 200 கிலோமீட்டருக்கு மேல் நம்மை நோக்கி வருகிறது. கொத்தின் ஊடே அவ்வளவு வேகமாகப் பாய்வதால் அதன் வாயு இப்போதும் பிய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வால் எக்ஸ்ரே தொலைநோக்கிகளுக்குத்தான் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் ஓர் உருண்டைத் திட்டுதான்.