இசைக் கேள்வி – பதில்: ஒன்றாம் அடியைக் காலியாக விடுங்கள்

கேள்வி: வீட்டுக் கணினியில் ஸ்கா (ஜமைக்காவின் நடன இசை) பாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வேகம் நிமிடத்துக்கு 126 அடி. கிட்டார், டிரம்பெட் எல்லாம் ஓரளவு வந்துவிட்டன. டிரம்ஸ் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?
– வாசகர், திருச்சி

பதில்: கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எங்கே வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றாம் அடியில்தான் வைத்திருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். விளம்பரம் ஒன்றுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான் செய்த 'ஸ்கா'வைக் கேட்ட டிராம்போன்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, ஊர்வலம் எப்போ கிளம்புது?" என்றார்.

நான்கு அடிகளில் ஒன்றும் மூன்றும் காலியாக இருக்கட்டும். இரண்டிலும் நான்கிலும் கிக்கும் ஸ்நேரும் (அடியில் கம்பி வைத்த சின்ன டிரம்) சேர்ந்தே விழ வேண்டும். ஒன்று எங்கே என்று பேஸ் கிட்டார் நடந்துகொண்டே காட்டிவிடும். அடிகளுக்கு நடுவே வெட்டுவது கிட்டார், பியானோவின் வேலை. ஹை-ஹாட்டும் (ஜோடித் தாளத் தட்டுகள்) அங்கே சத்தம் போட்டால் சந்தைக்கடைதான்.

1964-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உருவான ஸ்கடலைட்ஸ் குழுவின் டிரம்மர் லாயிட் நிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஜமைக்காவின் முரசுக் கலைஞர் கவுண்ட் ஆஸியின் குழுவினரின் கை முரசு வாசிப்பை டிரம்ஸ் செட்டுக்குக் கொண்டுவந்தவர். அவர் ரிம்ஷாட் (தோலையும் விளிம்பையும் சேர்த்து அடிப்பது) அடித்தால் கிட்டத்தட்ட மரத்தில் அடித்த மாதிரி 'டக்' என்று கேட்கும். உங்கள் ஸ்நேர் சாம்பிளை (கணினியில் இருக்கும் ஒலித்துண்டு) இரண்டு மூன்று சுரம் மேலே ஏற்றி, இழுபடும் வாலைக் கத்தரித்துவிடுங்கள்.

அடுத்து ஸ்விங், அதாவது நடையின் ஊசலாட்டம். 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். ஹை-ஹாட் 'த'விலும், மெதுவாக 'ட'விலும். ஆனால் சுத்தமான தகிட வேண்டாம். மென்பொருளில் 50 என்றால் நேர் நடை, 66 என்றால் முழுத் திஸ்ரம், அதாவது சுத்தமான தகிட. எனக்குப் பிடித்தது 58 முதல் 60 வரை. ஸ்நேரை மட்டும் ஐந்தாறு மில்லி செகண்ட் பின்னால் தள்ளுங்கள். அடிகளைத் தானாக நேராக்கும் குவாண்டைஸ் பொத்தான் பக்கமே கை போகக் கூடாது. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1979-ல் கிளம்பிய டூ டோன் ஸ்கா பாணிதான் வேண்டுமென்றால் வேகத்தையும் ஏற்றி, ஸ்விங்கையும் குறைக்க வேண்டியிருக்கும். 126-க்கு நிப்தான் சரி.

கேள்வி: டிரம்ஸ் செட் இருக்கிறது. மைக் ஒன்றுதான். போதுமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாக. டிரம்மரின் வலது தோளுக்கு மேல், ஸ்நேரைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். மோனோவிலேயே (ஒரே தடத்தில்) பதியுங்கள். கிக் மெலிந்து கேட்டால் மைக்கை ஒரு சாண் இறக்குங்கள். ஈக்யூவை (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் மாற்றும் கருவி) அப்புறம் தொடலாம். ஸ்நேருக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தளர்த்திவிட்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம், அந்த ரிம்ஷாட் சுவர் தாண்டிப் போகும்.