புயலுக்கு முன்பே வடசென்னையில் எங்கே கரண்ட் போகும் என்று கணிக்க முடியுமா?

தெரு வாரியாக முடியாது. எந்த 11 கேவி ஃபீடருக்கு (துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் 11,000 வோல்ட் லைன்) ஆபத்து அதிகம் என்று சொல்லலாம்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் கம்பத்தின் மீது விசை நான்கு மடங்காகும். வேகக் கணிப்பு சற்றுத் தவறினாலும் சேதக் கணக்கு வெகுவாக மாறிவிடும். கம்பியை அறுப்பது பல இடங்களில் மரம்தான். ஊறிய மண்ணில் வேர் பிடிக்காது என்பதால், புயலுக்கு முந்தைய நாட்களின் மழையளவும் வேண்டும்.

2016 வர்தா புயலின் காற்றை மட்டும் வைத்துக் கணித்தால் வடசென்னைக்குப் போதாது. 2023 மிக்ஜாம் புயலில் வெள்ளமே பெரிய சிக்கல். மண்ணுக்கடியில் போகும் புதைவடம் மரத்திலிருந்து தப்பும். ஆனால் பில்லர் பாக்ஸில் (வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் தெருவோரப் பெட்டி) தண்ணீர் ஏறினால் சப்ளையை நிறுத்தியே ஆகவேண்டும். ஆகவே சாலையிலிருந்து ஃபியூஸ் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு பெட்டியிலும் அளக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ரோடு போட்டால் அந்த உயரம் குறையும். பழைய அளவை நம்பக் கூடாது.

எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில் இன்சுலேட்டரில் (கம்பியைத் தாங்கி, கம்பத்துக்கு மின்சாரம் பாயாமல் தடுக்கும் பீங்கான் போன்ற பாகம்) உப்பு படியும். கனமழை அதைக் கழுவிவிடும், லேசான தூறலோ ஈரமாக்கி மின்கசிவை உண்டாக்கும். காற்று ஓய்ந்த பிறகும் லைன் ட்ரிப் ஆவதற்கு, அதாவது தானாகத் துண்டிக்கப்படுவதற்கு, இதுவும் ஒரு காரணம்.