21 வயதுக்கு முன் மது டிக்கெட்: டெக்சஸ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

21 வயது ஆகுமுன் மது வைத்திருந்ததாகவோ குடித்ததாகவோ போலீஸ் கொடுக்கும் கோர்ட் சம்மன் சீட்டுதான் இந்த ‘டிக்கெட்’. கல்லூரிகள் திறந்தால் போதும், அதைப் பற்றிய கடிதங்கள் வரிசை கட்டிவிடும். பதில்கள் டெக்சஸ் சட்டத்துக்கு மட்டும் பொருந்தும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும்; நியூ ஜெர்சியில் 2021 முதல் அபராதத்துக்குப் பதில் எழுத்துமூல எச்சரிக்கைதான்.

ஆஸ்டினில் படிக்கும் என் மகனுக்கு வயது 19. பார்ட்டியில் கையில் பியர் இருந்ததாக டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். ஆன்லைனில் அபராதத்தைக் கட்டி, நாலு பேருக்குத் தெரியாமல் முடித்துவிடலாமா சார்? (ஒரு அப்பா, ஃபிரிஸ்கோ)

முடியாது. ஸ்பீடிங் டிக்கெட் மாதிரி இதைத் தீர்த்துவிட முடியாதபடி சட்டமே தடுத்திருக்கிறது. டெக்சஸ் மதுபானச் சட்டத்தின் 106.10 பிரிவுப்படி, 21 வயது ஆகாதவர் இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் நீதிபதி முன் நேரில் நின்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு என்பேன். மானம் போய்விடுமே என்ற அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, பிள்ளையின் பெயரில் ஒரு தீர்ப்பை நாமே எழுதிக்கொள்வோம். அந்த அவசரத்துக்கு இது ஒரு கடிவாளம்.

இது கிளாஸ் சி, அதாவது மிகச் சிறிய வகைக் குற்றம். முதல் முறை என்றால் சிறை கிடையாது. அபராதம் அதிகபட்சம் 500 டாலர். ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பானால் மது விழிப்புணர்வு வகுப்பு, 8 முதல் 12 மணி நேர சமூக சேவை, 30 நாள் டிரைவிங் லைசென்ஸ் முடக்கம் எல்லாம் சேர்ந்து வரும். டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டானே என்று பதற வேண்டாம். அது கோர்ட்டுக்கு வருகிறேன் என்ற உறுதிமொழிதான், ஒப்புதல் இல்லை. தேதியைத் தவறவிட்டால்தான் வாரண்ட் வரும்.

என் பையன் குடித்தது உண்மை. கோர்ட்டில் போய் ‘நாட் கில்ட்டி’ (நான் குற்றவாளி இல்லை) என்று சொல்வது பொய் ஆகாதா? (ஒரு அம்மா, கேட்டி)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான் அம்மா. ‘நான் குடிக்கவில்லை’ என்று அவன் சத்தியம் செய்யவில்லை. ‘குற்றம் சாட்டியவர்கள் நிரூபிக்கட்டும்’ என்கிறான், அவ்வளவுதான். அந்த உரிமையைக் கொடுத்ததே சட்டம்.

அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது கொஞ்சநஞ்சமில்லை. அவனுக்கு 21 ஆகவில்லை, பாத்திரத்தில் இருந்தது மதுதான், அது தன் வசம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தான்: மூன்றும் சந்தேகத்துக்கு இடமின்றி நிற்க வேண்டும். சிவப்பு பிளாஸ்டிக் கப்பில் இருந்ததை யாராவது முகர்ந்தாவது பார்த்தார்களா? காரின் பின்சீட்டில் கிடந்த பாட்டில் நான்கு பேரில் யாருடையது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்பது மட்டும் போதாது. கோர்ட்டுக்கு வெளியே ‘ஆமாம், குடித்தேன்’ என்று சொல்லியிருந்தாலும், வேறு சான்று எதுவுமே இல்லாமல் அந்த ஒரு வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது.

அரசுத் தரப்பு தன்னிடம் உள்ள ஆதாரங்களைக் காட்ட வேண்டும் என்கிறது, 2014 முதல் நடப்பில் இருக்கும் மைக்கேல் மார்ட்டன் சட்டம். அதன்படி போலீஸ் அறிக்கையையும், போலீஸ் சட்டையில் மாட்டியிருக்கும் பாடி கேமராவின் வீடியோவையும் கேட்டு வாங்கலாம். எழுதிக் கேட்டால்தான் தருவார்கள். வீடியோவைப் பார்த்தபின் முடிவெடுங்கள். ஆறு பேர் ஜூரி வைத்து விசாரணை கேட்கவும் உரிமை உண்டு, அவ்வளவு தூரம் போகும் கேஸ் குறைவு. ஆதாரம் வலுவாக இருந்தால், ‘டிஃபர்டு டிஸ்போசிஷன்’ கேட்பதே புத்திசாலித்தனம்: நீதிபதி சில மாதம் தவணை கொடுப்பார், வகுப்பையும் சேவையையும் முடித்து வேறு வம்பில் மாட்டாமல் இருந்தால் கேஸ் தள்ளுபடி. முதல் நாளே ‘கில்ட்டி’ என்று சொல்லிவிட்டால் பேரம் பேச என்ன மிச்சம்?

‘உங்களுக்குப் பேசாமல் இருக்க உரிமை உண்டு’ என்று போலீஸ் வாசிக்கவே இல்லை. கேஸ் நிற்குமா? (மாணவர், காலேஜ் ஸ்டேஷன்)

நிற்கும். காவலில் வைத்து விசாரித்தபோது அதை வாசிக்காவிட்டால், அப்போது சொன்ன வார்த்தைகளை மட்டும் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம். சாலையோரத்தில் நிறுத்தி நாலு கேள்வி கேட்பது பெரும்பாலும் ‘காவல்’ ஆகாது.

குடும்ப விசேஷத்தில் சித்தப்பா கொடுத்த பியர். அப்பாவும் அதே மண்டபத்தில்தான் இருந்தார். பெற்றோர் முன்னால் குடித்தால் குற்றமில்லை என்கிறார்களே? (மாணவி, டல்லாஸ்)

பெற்றோரின் கண் முன்னால் குடித்ததாக நீங்கள் நிரூபித்தால் அது எதிர்வாதமாக நிற்கும். அதே மண்டபத்தில் எங்கோ இருந்தார் என்பது போதாது. பார்க்கும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். சித்தப்பா இந்தக் கணக்கில் வரமாட்டார். சொல்லப்போனால் அவர் பாடுதான் மோசம்: 21 ஆகாதவருக்கு மது கொடுப்பது கிளாஸ் ஏ, அதாவது கிளாஸ் சி-யைவிடப் பெரிய குற்றம், ஓராண்டு சிறை, 4,000 டாலர் அபராதம் வரை போகலாம். வாக்குமூலம் கொடுக்கும் முன் அவரும் தனியாக வக்கீலைப் பார்ப்பது நல்லது.

நண்பன் குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தால், அவசர உதவிக்கு 911 கூப்பிட்டு நானே மாட்டிக்கொள்வேனா? (மாணவர், ஹூஸ்டன்)

முதலில் அழைத்தவர், உதவி வரும்வரை அங்கேயே இருந்து, வந்தவர்களுக்கு ஒத்துழைத்தால், குடித்ததற்காகவும் வைத்திருந்ததற்காகவும் அவரைத் தண்டிக்க முடியாது. அழைத்துவிட்டு ஓடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நான் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். டிஃபர்டு கிடைத்தால் எல்லாம் அழிந்துவிடும்தானே? (மாணவர், ஆர்லிங்டன்)

இங்கேதான் ஊர் வக்கீல்கள் சிலர் கோட்டை விடுகிறார்கள். டெக்சஸ் கணக்கு வேறு, குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. டிஃபர்டு வாங்க ‘கில்ட்டி’ அல்லது ‘நோ கான்டெஸ்ட்’ (ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை) சொல்லி, அதோடு நீதிபதி ஒரு கட்டுப்பாடும் விதித்தால், கேஸ் தள்ளுபடியான பிறகும் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாக எண்ண இடமுண்டு. வெறும் மது வைத்திருந்ததற்காக மட்டும் நாடு கடத்தமாட்டார்கள். போலி ஐடி சேர்ந்திருந்தால் ஏமாற்று என்ற கோணம் வந்துவிடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானால், தீர்ப்பு வருமுன்பே விசாவை ரத்து செய்யலாம். அதனால் வாய் திறப்பதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவரையும் பாருங்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு தண்டனை மட்டும் இருந்தால், 21 வயது ஆனதும் பதிவை அழிக்கச் சொல்லி மனுப்போடலாம். ஆனால் விசா படிவமும் குடியுரிமைப் படிவமும் அழிக்கப்பட்ட கேஸையும் சொல்லச் சொல்கின்றன. அப்போது கோர்ட்டில் போய்க் கேட்டால் காகிதமே இருக்காது. அழிப்பு மனு போடும் முன்பே, தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.