கோடியக்கரை வலசைக் காலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தீபாவளி விடுமுறையில் கோடியக்கரை போனோம். செப்டம்பரில் சதுப்பு முழுக்க ஓடித்திரிந்த சின்னப் பறவைகளைக் காணோம், பூநாரைகள்தான் நின்றன. மற்றவை எங்கே போயின? (மன்னார்குடி வாசகர்)

பதில்: தண்ணீர் ஏறிவிட்டது, அதுதான் காரணம். நீங்கள் பார்த்த கொசு உள்ளான் போன்ற சின்னக் கரைப்பறவைக்குக் கால் குட்டை. ஓரிரு விரல் ஆழத்துக்கு மேல் அதனால் இரை தேட முடியாது. ஐப்பசி மழையில் சதுப்பு நிறைந்ததும் உப்பளப் பாத்திகளின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏற்றவற்றம் குறைவு. காற்றுதான் தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆகவே காற்று வருகிற பக்கத்துக் கரையில் தேடுங்கள், சேறு அங்கேதான் தெரியும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி: அடையாள எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டப் பறவைகளை வலைபோட்டுப் பிடிப்பது கொடுமையில்லையா? எண்ணினால் போதாதா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: எண்ணுவதும் வேண்டும். ஆனால் பறவையின் எடை, வயது, அது வந்த வழி இவையெல்லாம் எண்ணிக்கையில் தெரியாது. வளைமூக்கு உள்ளான் என்ற கரைப்பறவையையே எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் மரமில்லாத குளிர்வெளியான துந்திரத்தில் குஞ்சு பொரிப்பது. பெரியவை முதலில் கிளம்பும்; அந்த ஆண்டுக் குஞ்சுகள் சில வாரம் கழித்து, வழிகாட்ட ஆளில்லாமலே வரும். அங்கே நரிகளுக்கு வழக்கமான இரையான லெம்மிங் எலிகள் குறைந்த ஆண்டில் அவை முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அந்தப் பருவத்தில் இளம்பறவைகள் மிகக் குறைவாகவே வந்து சேரும். கையில் பிடித்து இறகைப் பார்த்தால் இளசா முதிர்ந்ததா என்பது உறுதியாகும்.

ஆபத்து உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் வலை கட்டக்கூடாது. கரைப்பறவைகளுக்கு நிலவில்லாத இரவில், நீருக்கு மேல் மெல்லிய நைலான் வலை கட்டுவார்கள். பறவை விழுந்தால் வலை தொய்யும். வலையின் அடித்தட்டு நீரைத் தொட்டால் பறவை மூழ்கிச் சாகும். ஆகவே தொய்வுக்கும் சேர்த்து உயரம் விட வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். மழை வந்தால் வலையைச் சுருட்டிவிட வேண்டும். நனைந்த பறவை சீக்கிரம் விறைத்துவிடும். எடுக்கும்போது, எந்தப் பக்கமாக நுழைந்தது என்று முதலில் கண்டுபிடித்து அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். பெரும்பாலும் கால், பிறகு இறக்கை, கடைசியில் தலை. இழுத்தால் இறக்கை மூட்டு போய்விடும். நீண்ட கால் பறவைகளை நெருக்கி அடைத்து வைத்தால் தசை இறுகி நிற்கவே முடியாமல் போகும். அவற்றை முதலில் முடித்து அனுப்ப வேண்டும்.

வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், மூட்டைத் தாண்டி நழுவக்கூடாது. இடுக்கியால் அழுத்தும்போது விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கால் நசுங்கும். இடைவெளி விட்டால் நூல் மாட்டும். இந்த ஒரு வேலையில் கை பழகாதவரைப் பறவையைத் தொடவே விடக்கூடாது.

கேள்வி: வேதாரண்யம் கரையில் வளையத்தோடு ஒரு பறவை செத்துக் கிடந்தது. என்ன செய்ய வேண்டும்? (மீனவர் ஒருவர்)

பதில்: வெறுங்கையால் தொடாதீர்கள். வளையத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயரும், எழுத்தோடு கூடிய எண்ணும் இருக்கும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் பயனில்லை. உப்புநீரில் அலுமினியம் தேய்ந்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் சுற்றிலும் படம் எடுங்கள். தேதி, இடத்தோடு கழகத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். காலில் அடையாளத்துக்கு மாட்டிய நிறப்பட்டைகளும் இருந்தால் வலது காலா இடது காலா, மூட்டுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே என்பதையும் எழுதுங்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.