நாளைக்கு நான்கு சிகரெட் மட்டும்: போதாதா?

கேள்வி: எனக்கு வயது 44. இருபது வயதில் தொடங்கிய சிகரெட் பழக்கம், நாளைக்கு 20 வரை போனது. இதுவரை ஆறு முறை விட்டிருக்கிறேன்; அதிகபட்சம் நான்கு மாதம் தாக்குப்பிடித்தேன். போன முறை நிகோட்டின் சூயிங்கம் வாங்கிப் பார்த்தேன். தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது, இரண்டே நாளில் தூக்கிப் போட்டுவிட்டேன். இனித் தொடமாட்டேன் என்று ஒன்பது வயது மகளிடம் சத்தியம் செய்தேன். மூன்றாவது வாரமே மீறிவிட்டேன். இப்போது அவளுக்குத் தெரியாமல் நாளைக்கு நான்கு மட்டும் புகைக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒன்று கட்டாயம் வேண்டும். நான்கோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? எனக்கு மன உறுதி இல்லை என்று மனைவி சொல்கிறார். அது உண்மைதானா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘காலையில் எழுந்ததும் ஒன்று கட்டாயம் வேண்டும்’ என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. புகைப்பவர்கள் என்னிடம் வரும்போது, நாளைக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி இது: கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் உடல் நிகோட்டினுக்கு நன்றாகவே கட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அந்தக் கட்டு இன்னும் இறுக்கமானது.

இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்குள்ள ஏற்பிகளில் (வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்கள்) ஒட்டிக்கொண்டு, இன்ப உணர்வைத் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடக்கும்போது மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையே கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நீங்கள் 8 மணி நேரம் தூங்கி எழுந்தால், படுக்கும்போது இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். அத்தனை ஏற்பிகளும் பசித்துக் காத்திருக்கும் வேளை அது. அந்த முதல் சிகரெட்டில் கிடைப்பதைச் சுகம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரவெல்லாம் ஏறிய தவிப்பு இறங்குகிறது, அவ்வளவுதான். அந்தத் தவிப்பை உண்டாக்கியதும் முந்தின நாள் சிகரெட்தான்.

ஆகவே உங்கள் மனைவியின் கவலையை முழுமையாக மதித்தாலும், அவர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில், ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். மற்றவர்கள் எல்லோருமே உறுதியற்றவர்களா? மருத்துவர்கள், ராணுவத்தினர், பிள்ளைகளுக்காக எதையும் துறக்கத் துணிந்த பெற்றோர் என்று எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நிகோட்டினுக்கு மனிதர் அடிமையாகும் விதம் ஹெராயின், கோகெய்ன் ஆகியவற்றுக்கு அடிமையாகும் விதத்தை ஒத்தது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988-லேயே விரிவான அறிக்கை வெளியிட்டார். நான்கு மாதம் புகையில்லாமல் இருந்துகாட்டிய ஒருவரிடம் உறுதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சரியான மருந்தும், அதைப் பயன்படுத்தும் முறையும் உங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இனி அந்த நான்கு சிகரெட். இருபதிலிருந்து நான்குக்கு வந்தது சிறிய காரியமல்ல. அந்த முயற்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இதயம் இந்தக் கழித்தல் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை. உலகெங்கும் நடந்த 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஆய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் புகைக்கும் ஆணுக்கும் மாரடைப்பு போன்ற இதயநோய் அபாயம் கூடுகிறது. 20 சிகரெட் புகைப்பவருக்குக் கூடும் அபாயத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு அது இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு புகைத்தால் இருபதில் ஒரு பங்கு அபாயம் என்று நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை தவறு. ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவும், ரத்தக்குழாயின் உட்சுவர் பாதிக்கப்படவும் சிறிதளவு புகையே போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொன்றையும் ஆழமாக, நீண்ட நேரம், பஞ்சு சுடும்வரை இழுக்கிறார்கள். மூளைக்கு வேண்டிய அளவை அது எப்படியாவது வாங்கிக்கொள்கிறது. உங்கள் நான்கில் ஒன்றை அடுத்த முறை நீங்களே கவனித்துப் பாருங்கள். போதாததற்கு, நான்கு என்பது நிலையாக நிற்கும் எண்ணும் அல்ல. வீட்டில் ஒரு சச்சரவு, வேலையில் ஒரு நெருக்கடி வந்தால் அது எட்டாகும். அடுத்த சிகரெட்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே நாள் முழுவதும் கழியும். என் கருத்தில், முழுவதும் விட்டவரைவிட இப்படிப் பங்கு போட்டுப் புகைப்பவரே அதிகம் தவிக்கிறார்.

படிப்படியாகக் குறைத்துப் பிறகு விடலாமே என்றும் கேட்கலாம். 2016-இல் ஏறக்குறைய 700 பேரிடம் இதைச் சோதித்தார்கள். இரு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் ஆறு மாதம் கழித்துப் புகைக்காமல் இருந்தவர்கள் 15.5 சதவீதம், குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 22 சதவீதம். இரு தரப்பினருக்கும் நிகோட்டின் மருந்து கொடுக்கப்பட்டது. எனவே நாள் குறித்து, மருந்தின் துணையோடு, முழுவதும் விடுவதையே உங்களுக்குச் சொல்வேன்.

சூயிங்கம் விஷயத்தில் உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இதுதான். மருந்துக்கடையில் வாங்கி, வழக்கமான சூயிங்கம்போல மென்றிருப்பீர்கள். அப்படி மென்றால் நிகோட்டின் உமிழ்நீரில் மொத்தமாக இறங்கி, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்விடும். எரிச்சல், விக்கல், குமட்டல் எல்லாம் அதனால் வருபவை. வயிற்றுக்குப் போன நிகோட்டினால் தவிப்பு பெரிதாக அடங்கவும் செய்யாது. அது வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். அதற்கு மெதுவாக நாலைந்து முறை மெல்லுங்கள். நாக்கில் மிளகுபோன்ற காரமோ சுருக்கென்ற உணர்வோ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி சில முறை மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இப்படியே. மெல்லுவதற்கு முந்தைய 15 நிமிடமும், மெல்லும்போதும் காபி, பழச்சாறு, சோடா எதுவும் கூடாது. அவற்றின் அமிலத்தன்மை வாயில் நிகோட்டின் சேர்வதைத் தடுத்துவிடும்.

சூயிங்கம் மட்டும் போதாது. தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் நாள் முழுவதும் ஒரே சீராக நிகோட்டினைத் தந்து அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ளும். திடீரென்று எழும் வேட்கைக்குச் சூயிங்கம் உதவும். ஒன்றைத் தனியாகப் பயன்படுத்துவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல் என்பது நன்கு உறுதியானது. நாளைக்குப் பத்துக்கு மேல் புகைப்பவர்களுக்கு 21 மில்லிகிராம் பேட்ச்சில் தொடங்குவோம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14 மில்லிகிராம். உங்கள் எண்ணிக்கை குறைவு, பிடிப்போ அதிகம் என்பதால் அளவை உங்கள் மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். 8 முதல் 12 வாரம் இது தேவைப்படும். கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டு, ஐந்தாவது வாரம் புகைக்கத் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘இதுவும் நிகோட்டின்தானே, ஒரு போதையை விட்டு இன்னொன்றா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அடிமையாக்குவது நிகோட்டின்; ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது 70 புற்றுநோயை உண்டாக்குபவை. கார்பன் மோனாக்சைடு வேறு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பேட்ச்சில் இவை எதுவும் இல்லை. அதிலிருந்து நிகோட்டின் மெதுவாக வருவதால் சிகரெட்டைப்போல மூளையைப் பழக்கவும் அதனால் முடியாது.

மாத்திரைகளும் உண்டு. வேரெனிக்லின், நிகோட்டின் அமரும் அதே ஏற்பியில் அமர்ந்து தவிப்பைத் தணிக்கும். மாத்திரை சாப்பிடும்போது புகைத்தாலும் இன்பம் கிடைக்காமல் செய்யும். விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் சாப்பிட வேண்டும். குமட்டலும், நிறையக் கனவுகளும் வரலாம். மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் முன்பு இருந்தது. 2016-இல் ஏறக்குறைய 8,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு அந்த அச்சத்தைப் பெருமளவு போக்கியது. புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் வலிப்புநோய் உள்ளவர்களுக்குக் கூடாது. இவை இரண்டும் மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியவை.

விட்டபின் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் போவதால்தான் பலர் பயந்து திரும்புகிறார்கள். எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனம் சிதறுதல் எல்லாம் முதல் நாளே தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், 2 முதல் 4 வாரத்தில் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். நீங்கள் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் அடங்கும். இருமல் சில வாரம் கூடலாம். நுரையீரல் குழாய்களில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். எடை முதல் ஆண்டில் சராசரியாக 4, 5 கிலோ கூடும். அது இதயத்துக்குச் செய்யும் கெடுதல், சிகரெட் செய்யும் கெடுதலுக்குப் பக்கத்தில்கூட வராது. எடையையும் சிகரெட்டையும் ஒரே மாதத்தில் வெல்ல முயல வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று காபி. புகையில் உள்ள தார், கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டி காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறையும். அதே இரண்டு கோப்பை காபி உடலில் நான்கு கோப்பைபோல வேலை செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ‘சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை’ என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் சில வாரம் காபியைப் பாதியாக்குங்கள். தியோஃபிலின், குளோசபின், வார்ஃபரின், இன்சுலின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தால், புகையை விடப்போவதை முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

உங்கள் ஆறு முயற்சிகளையும் தோல்வி என்றே நினைத்திருப்பீர்கள். ஒரு தாளில் அந்த ஆறையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாருடன் இருந்தபோது, எந்த மனநிலையில் உடைந்தது? அந்தச் சிகரெட் கைக்கு எப்படி வந்தது? ஒரு நோயாளி இப்படி எழுதிக்கொண்டு வந்தார். ஐந்து முயற்சியில் நான்கு, அவர் இரவில் அண்ணனுடன் மது அருந்த உட்கார்ந்தபோதே உடைந்திருந்தன. அதுவரை தன் பிரச்சினை வேலைப்பளு என்றே நம்பியிருந்தார். மூன்று மாதம் மதுவைத் தள்ளிவைத்தார், அண்ணனைப் பகலில் மட்டும் சந்தித்தார். உங்கள் தாளிலும் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதற்கு மட்டும் முன்கூட்டி வழி செய்யுங்கள்.

விட்டபின் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் பேட்ச்சைக் கழற்றிவிட வேண்டாம். அந்தச் சிகரெட்டை அணைத்துவிட்டு மருந்தைத் தொடருங்கள். என்ன நடந்தது என்று அதே தாளில் ஏழாவதாக எழுதுங்கள்.

44 வயதில் விட்டு என்ன பயன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரிட்டன் மருத்துவர்களை 1951 முதல் ஆய்வாளர் ரிச்சர்ட் டால் குழுவினர் தொடர்ந்து கவனித்தார்கள். 2004-இல் வெளியான 50 ஆண்டு முடிவின்படி, தொடர்ந்து புகைப்பவர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார். 40 வயதில் விட்டவர் அதில் 9 ஆண்டை மீட்கிறார், 50-இல் விட்டவர் 6 ஆண்டை. நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். சளியில் ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு, காரணமில்லாத எடைக்குறைவு, நடந்தால் நெஞ்சில் அழுத்தம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் விடும் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மகளிடம் மறுபடி சத்தியம் செய்ய வேண்டாம். சத்தியம் உடைந்த அன்றே மறைக்கத் தொடங்கினீர்கள். மறைத்த பிறகு வீட்டில் யாரிடமும் உதவி கேட்கும் வழி அடைபட்டுவிட்டது. ‘அப்பாவுக்கு இது ஒரு நோய், மருந்து எடுத்துக்கொள்கிறேன், தவறினால் உன்னிடம் நானே சொல்வேன்’ என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். அதற்கு முந்தின இரவு வீட்டிலும் வண்டியிலும் சட்டைப்பையிலும் இருக்கும் சிகரெட், லைட்டர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். நீங்கள் வழக்கமாகச் சிகரெட்டை வைக்கும் இடத்தில், கண் விழித்ததும் கை தானாகப் போகும் அதே இடத்தில், பேட்ச்சை வைத்துவிட்டுப் படுங்கள்.